ஹோனலூலு முதலாளி காலமானார்

டப்வாகேயா,
கிறிஸ்மஸ் தீவு,
ஆகஸ்ட் 2021, ஞாயிறு பூசை முடிந்த கையோடு.

அன்பு மகள் ரபேக்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் அவ்வப்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. கோழிகள் சுகம், நாய் சுகம், பன்றிகள் இல்லை, ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீ அந்த ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, முதியோர் இல்லத்து வேலை முடிந்ததும் தனியாக நடந்து வராமல் பஸ் பிடித்து வந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். போனில் பேசலாம்தான், ஆனால் இப்போதெல்லாம் போன் கோபுரத்தின் கீழே போய் நின்றால்தான் குரல் சரியாகக் கேட்கிறது, அங்கே எனக்கு முன்னால் ஒரு கூட்டம் பின்னால் ஒரு கூட்டம், நான் சொல்ல வேண்டியதோ ஊர் காதில் விழக்கூடாதது. ஃபிஜிக்குப் போகிற சரக்குக் கப்பலில் சமையல் செய்கிறவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உறையை நன்றாக ஒட்டி மேலே நாடாவும் சுற்றியிருக்கிறேன், பிரித்த மாதிரித் தெரிந்தால் எனக்குச் சொல்.

போன மாதம் நீ போனில், போதும்மா, விடுதிய மூடிட்டு இருக்கிறத வித்துட்டு மொத பிளேன்ல ஏறி வந்துடு, எங்கிட்ட ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு என்று சொன்னாய். நான் முதலாளியைக் கேட்டுச் சொல்றேன் என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாவுச் செய்தி. முதலாளி காலமாகிவிட்டார். ஆமாம், நம் மிஸ்டர் வால்டர்தான். சிரிக்காதே, நான் பன்றிகளை வெட்டியிருக்கிறேன்.

முதலில் இங்கே நிலவரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். விமானம் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை என்றால் நம் வீடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், போகிறவர்கள் பெட்டியோடு ஒரு பக்கம், வந்து இறங்கினவர்கள் தூண்டில் குழாய்களோடு ஒரு பக்கம், நடுவில் ரொட்டி மாவும் கையுமாக நான். இப்போதும் செவ்வாய்க்கிழமை எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து முற்றத்தைப் பெருக்குகிறேன், வாசல் பலகையைத் துடைக்கிறேன், துடைத்து முடித்த பிறகுதான் யாரும் வரப்போவதில்லை என்று உறைக்கிறது. அறைகளைப் பூட்டியே வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது, நண்டு ஓட்டை போடுகிறது, அதனால் வாரத்துக்கு ஓர் அறையாக நானே மாறி மாறிப் படுத்துக்கொள்கிறேன். சொந்த விடுதியில் நான் ஒருத்திதான் வாடிக்கையாளர். காபி ஆறிப்போச்சு, மின்விசிறி கிரீச்சென்கிறது என்று எவனாவது வந்து கத்தமாட்டானா என்று இருக்கிறது. படகு எஞ்சின் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோல் கொண்டுவரும் கப்பல் தனக்குத் தோன்றினால் வருகிறது. நான் பட்டினி என்று நினைத்துக்கொள்ளாதே. காயலில் மீன் இருக்கிறது, தென்னையில் பதநீர் இருக்கிறது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து, இகாரி மீனைப் பிடித்து, அதற்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிற மனிதர்கள்தான் இத்தனை வருடம் நமக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் முத்தமிட்ட மீன்களை இப்போது நாங்கள் பொரித்துத் தின்கிறோம், முள்தான் தாங்கவில்லை. அவர்களைப் படகில் கூட்டிப்போய் மீன் இருக்கும் இடம் காட்டிய மீன்காட்டிகள் எல்லோரும் கொப்பரை வெட்டப் போய்விட்டார்கள். உன் சித்தப்பா மகன் பரனிகோ மட்டும் வாரம் ஒரு நடை வந்து எஞ்சினை ஓட்டிவிட்டுப் போகிறான். முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன், கொடுக்காமல் இருந்திருந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு வாங்க என்று கூப்பிடுவது. கொடுத்ததில் கையிருப்பு துடைத்த மாதிரி ஆகிவிட்டது. பனானா கிராமத்துக்காரர் தன் விடுதியின் ஜன்னல்களைக் கழற்றி விற்றுவிட்டார், காற்றுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறார்.

வால்டர் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அப்போது பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்த வயது. நான் விமான நிலைய வேலிக்குப் பக்கத்தில் மாவு உருண்டை பொரித்து விற்று, அந்தக் காசில் ஒரு கடை போட்டேன் அல்லவா, அந்தக் கடை நஷ்டத்தால் மூடவில்லை, உறவால் மூடியது. உறவுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து புபுசி என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் அப்புறம் நம் ஊரில் பேச்சில்லை, கொடுத்தே தீர வேண்டும், மறுத்தவர் ஊரில் தலைகாட்ட முடியாது. கேட்கிறவருக்கும் அது லேசில்லை, வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான் கேட்க வேண்டும், நாளைக்கு நாம் போய்க் கேட்டால் அவரும் மறுக்காமல் கொடுத்தாக வேண்டும். எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்கிறேன் என்கிற மனிதர்களுக்கு நடுவில் நீ இருப்பதால் இதை நினைவுபடுத்துகிறேன். சர்க்கரை புபுசி, அரிசி புபுசி, புகையிலை புபுசி என்று என் கடை அலமாரிகள் ஊர் முழுக்க நடந்து போயின. நானும் திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம்தான், ஆனால் உழைத்துச் சம்பாதிக்கிற திமிர் எனக்கு, ஒருத்தர் வீட்டு வாசலில் போய்க் கைநீட்டி உட்கார மனம் வரவில்லை. அப்புறம் உன் அப்பாவும் நானும் வயிற்றைக் கட்டி முதல் படகு எஞ்சினை ஹோனலூலுவிலிருந்து வரவழைத்தோம். பெட்டியைப் பிரிப்பதற்குள் உன் அப்பாவின் மாமா கபிரி வந்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார், வாயைத் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியில் அனுப்பியவன் பெயர் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் வால்டர் என்று இருந்தது. நான் முந்திக்கொண்டேன். "எஞ்சின் நம்மளுது இல்ல மாமா, ஹோனலூலுல வால்டர்னு ஒருத்தர், அவரோடது. நான் சும்மா பாத்துக்கறேன், அவ்வளவுதான்." அவர் எழுந்து பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார், தலையை ஆட்டினார், ஒரு சுருட்டுக்குப் புகையிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து கட்டில் வால்டருடையது, ஐஸ் பெட்டி வால்டருடையது, ஜெனரேட்டர் வால்டருடையது. வால்டருக்கு ஒரு குணமும் தானாக வளர்ந்தது, மகா கஞ்சன், கணக்கில் கறார், இரக்கம் கிடையாது. கோவிலுக்கு வெளியே பெண்கள் என் காதுபடவே பேசிக்கொள்வார்கள், பாவம் எரிதபேத்தா, கை தாராளமானவதான், அந்தக் கஞ்சப் பிசினாரிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறா என்று. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. ஆனால் இதை உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அப்பா போன பிறகு வால்டர் எனக்கு வேறு விதத்திலும் உதவினார். எவனாவது வந்து விலை கேட்டால், கடன் கேட்டால், எனக்கு முடிவு எடுக்கப் பயமாக இருந்தால், கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். அங்கே யாரும் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரையோ கேட்டு வந்த மாதிரித்தான் வெளியே வருவேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் தீவின் லண்டன் கிராமத்து அரசாங்க அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், உள்ளூர்க்காரர்கள் நடத்தும் மீன்பிடி விடுதிகளுக்கு விமானம் வரும்வரை பெட்ரோலும் அரிசியும், மீன்காட்டிகளுக்குப் பாதிச் சம்பளமும் உதவியாகத் தருவார்களாம். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு லாரி பிடித்துப் போனேன். அங்கே எழுத்தராக இருக்கிற பெண் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, காயிதத்துல உங்க பேருதான் இருக்கு. ஆனா உங்க ஊருப் பெரியவங்கள விசாரிச்சேன், எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, விடுதி வால்டர்னு ஒரு வெள்ளக்காரரோடது, நீங்க அவருக்கு பினாமின்னு. வெளிநாட்டுக்காரங்களுக்கு இது கெடையாதும்மா." இல்லாத ஒரு மனிதனுக்கு நான் பினாமி! உலகத்தில் வேறு எந்த வியாபாரிக்கும் இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்காது. அவளோ, ஊர் பொதுக்கூடமான மனேபாவில் பெரியவர்கள் கூடி இது எரிதபேத்தாவுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். லாரியில் திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். உதவி வராவிட்டால் இந்த வருடக் கடைசிவரைகூடத் தாங்காது, எஞ்சின் இறுகும், மீன்காட்டிகள் வேறு தீவுக்குக் கப்பல் ஏறுவார்கள், அப்புறம் விமானம் வந்து என்ன வராமல் என்ன. மனேபாவில் எழுந்து வால்டர் என்று ஒருத்தர் இல்லவே இல்லை என்று சொன்னாலோ, இருபது வருடமாக என்னிடம் வெறுங்கையோடு திரும்பிப்போன அத்தனை பேர் முகத்திலும் நானே சேற்றை அடித்த மாதிரி ஆகும். அதைச் செய்ய எனக்கு மனமும் இல்லை, தைரியமும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது முடிவு எடுத்துவிட்டேன். அவரைக் கொன்றுவிடுவது என்று.

மனேபாவில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க நான் எழுந்து, ஹோனலூலுவில் மிஸ்டர் வால்டர் கொரோனாவில் காலமாகிவிட்டார், குடும்பம் இல்லாத மனிதர், விடுதியை என் பெயருக்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தேன். பெரியவர்கள் தலையை ஆட்டுவார்கள், சரி என்பார்கள், அரைமணியில் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. ஆனால் கபிரி மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டார். நம்ம தீவுல இருவது வருஷம் சோறு போட்ட மனுஷன், அனாதையா அந்நிய ஆஸ்பத்திரில போயிட்டாரே என்கிறார். அவர் அழுததும் பெண்கள் அழுதார்கள். உடனே தீர்மானம் ஆகிவிட்டது, முறைப்படி மூன்று நாள் துக்கம், என் விடுதியில். துக்கம் என்றால் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டியது நான். உயிரோடு இருந்தவரை எனக்கு ஒரு காசு செலவு வைக்காத மனிதர், செத்ததும் என் பன்றிகள் அத்தனையையும், விருந்தாளிகளுக்கு என்று ஒளித்துவைத்த அரிசியையும் சேர்த்துத் தின்றுவிட்டார்.

நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். ஊரே தாழம்பாய்களைச் சுருட்டிக்கொண்டு, தலையில் பூ வளையம் வைத்துக்கொண்டு வந்தது. உன் அத்தை கினாய் முதலில் வந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணி, ஒடம்பு இல்ல, ஒரு போட்டோகூட இல்ல, எதப் பாத்து அழறது?" என்றாள். நான் உள்ளே போய், எவனோ மறந்துவிட்டுப்போன ஒரு தொப்பியைக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்தேன். அதைப் பார்த்ததும், ஐயோ இந்தத் தொப்பியோடதானே வருவாரு என்று அவள் ஓவென்று அழுதாள். வால்டர் தனக்குத் தையல் மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தாராம். இன்னொருத்தி, அவருக்குப் பதநீர் என்றால் உயிர் என்றாள். பரனிகோ எழுந்து நின்று கைகளை விரித்து, அவரை எங்கே கூட்டிப்போனேன், எப்படி மீன் காட்டினேன் என்று ஒரு கதை சொன்னான் பார், "அவருக்கு வலது கண்ணு கொஞ்சம் மட்டு. மீனு இடது பக்கமா வந்தாத்தான் வீசுவாரு. ஒருநா இம்மாம் பெரிய மீனு வலது பக்கமா வந்துடுச்சு, நான் அவரு தோளப் புடிச்சு அப்படியே திருப்பி விட்டேன்." ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. ரபேக்கா, ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் நம் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. எல்லா அறையிலும் ஆள், குழந்தைகள் கட்டிலில் குதித்தன, யாரோ காபி ஆறிப்போச்சு என்று கத்தினார்கள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். புகை என்று சொன்னேன். கினாய் வந்து என் முதுகைத் தடவி, "அழு அண்ணி, நீதான அவருகிட்ட அதிகமாப் பேசினவ" என்றாள். அவள் சொன்னது நிஜம்தான்.

துக்கம் முடிந்தது, கபிரி மாமாவே லண்டனுக்குப் போய் விடுதி இனிமேல் எரிதபேத்தாவுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். உதவியும் வந்தது, பெட்ரோல் பீப்பாய், அரிசி மூட்டை, மீன்காட்டிகளுக்குச் சம்பளம். நான் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தேன், மறுநாள் காலையில் கினாய் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி, புபுசி. எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, தரையில படுத்துக் கெடக்கா. ரெண்டு மெத்த வேணும்" என்றாள். கேட்டுச் சொல்றேன் என்று என் வாய் திறந்துவிட்டது. யாரைக் கேட்பது? அவரைத்தான் நானே அழுது அனுப்பிவிட்டேனே. மெத்தைகளை நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். மெத்தை ஏற்றிப் போன அவள் வண்டியைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கபிரி மாமா பெரிய ஐஸ் பெட்டி கேட்டார், கினாயின் போலந்துக் கிராமத்துச் சம்பந்தி ஜெனரேட்டர் கேட்டார், நாற்காலிகள், சட்டிகள், கொசுவலை. ஒருத்தர் பேச்சிலும் பேராசை இல்லை, அதுதான் கஷ்டம், எல்லோருக்கும் தேவை இருந்தது, இருபது வருடமாக இருந்திருக்கிறது. நான் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாரக் கடைசியில் அலுவலகம் காப்பாற்றிக் கொடுத்த விடுதிக்குள் காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இல்லை.

கடைசியாகப் பரனிகோ வந்தான். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பெரியம்மா, புபுசி. படகும் எஞ்சினும்" என்றான். படகு போனால் இது விடுதி இல்லை, வெறும் கூரை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, உங்க முதலாளி செத்த ஈரம் காயறதுக்குள்ளயா என்று கேட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "எந்த முதலாளி பெரியம்மா? நான் இத்தன வருஷம் ஒரு செவ்வாக்கெழம விடாம ஏர்போர்ட்ல நின்னவன். எறங்கின ஒவ்வொரு மூஞ்சியும் எனக்குத் தெரியும்." "அப்பறம் எதுக்குடா அத்தன பேரு முன்னாடி அப்படி அழுதே?" என்றேன். "நல்ல முதலாளி பெரியம்மா. ஒருநாளும் திட்டினதில்ல" என்றான். இத்தனை வருடம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்லியிருந்தா படகு என்னிக்கோ எவன் வீட்டுப் பின்னாடியோ கவுந்து கெடந்திருக்கும், எனக்கு வேல போயிருக்கும், நாளைக்குக் கபிரி தாத்தா படகக் கேக்கப் போறாரு, பேரனுக்குன்னு, அதான் நான் முந்திக்கிட்டேன் என்றான். காப்பாற்றுவதற்காகக் கேட்கிறானா, தனக்காகவே கேட்கிறானா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கொடுத்தேன். அவனும் அவன் தம்பிகளும் படகை மணலில் தள்ளிக்கொண்டு போனார்கள், மணலில் அந்தத் தடம் மட்டும் இருந்தது.

அதற்கு அப்புறம் சில நாள் நான் யாரையும் பார்க்கவில்லை. அறை மாறிப் படுக்கவும் மெத்தை இல்லை. நீ சொன்னபடி கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், விற்கவும் எதுவும் இல்லை, வேலை மிச்சம் என்று பெட்டியைக்கூட இறக்கிவைத்தேன். அப்படியே ஒருநாள் கடற்கரைப் பக்கம் நடந்தபோது காயலில் ஒரு எஞ்சின் சத்தம், நம் எஞ்சின், அந்த இருமலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். பரனிகோ தினமும் ஓட்டுகிறான், இறுகுகிற பேச்சே இல்லை. கினாய் வீட்டைத் தாண்டினேன், மெத்தைகளை வெயிலில் காயப்போட்டிருந்தாள், என்னிடம் இருந்திருந்தால் நண்டுதான் தின்றிருக்கும். கபிரி மாமாவின் பேத்தி ஐஸ் பெட்டியைத் துடைத்து அதன் மேல் ஒரு பூத்துணி விரித்திருந்தாள். என் வியாபார மூளை அப்போதுதான் விழித்துக்கொண்டது. இதையெல்லாம் காசு கொடுத்து ஒரு கிடங்கில் வைத்தாலும் இப்படிப் பார்த்துக்கொள்வார்களா?

நேரே பரனிகோ வீட்டுக்குப் போனேன். சொன்னால் நம்பமாட்டாய். இந்த வயதுவரை நான் ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான், அவன் பெண்டாட்டி எனக்குப் பாயை விரித்தாள். உட்கார்ந்தேன், பதநீர் கொடுத்தார்கள், குடித்தேன், இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பரனிகோ, புபுசி. பிளேன் வந்தா படகு வேணும். படகோட நீயும் வேணும்." அவன் வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். "இத கேக்க உனக்கு இத்தன வருஷமா பெரியம்மா?" என்றான். அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை.

ஆகவே மகளே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். நான் வரவில்லை. இதை வேறு யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். நம் விடுதி இப்போது இந்தக் கட்டடத்தில் இல்லை, ஊர் முழுக்கப் பிரிந்து கிடக்கிறது, கினாய் வீட்டில் படுக்கை, கபிரி மாமா வீட்டில் ஐஸ் பெட்டி, போலந்தில் மின்சாரம், பரனிகோவிடம் படகு. விமானம் வருகிற அன்று நான் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டால் ஒன்றுவிடாமல் திரும்பி வரும், கூடவே ஆளும் வருவார்கள். ஆனால் கேட்பதற்கு நான் இங்கே இருக்க வேண்டும். நான் ஆக்லாந்தில் இருந்துகொண்டு போனில் கேட்டால் அது புபுசி ஆகாது, வெறும் பேச்சு. நான் கிளம்பினால் அவை அவர்களுடையவை ஆகிவிடும், அதில் தப்பும் இல்லை. விமானம் அடுத்த மாதம் வருமோ அடுத்த வருடம் வருமோ, யாருக்கும் தெரியவில்லை. அதுவரை எனக்கு வேலை உட்கார்ந்திருப்பதுதான்.

தனியாக இருப்பாயே என்று கேட்பாய். இருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. இருமினால் எதிரொலி கேட்கிறது, அவ்வளவு காலியாக இருக்கிறது வீடு. சாயங்காலங்களில் நீ பெற்ற தாயை விட்டுவிட்டு யாரோ பெற்ற கிழவிகளுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன், உன் மேல் கோபம் இல்லை, அந்தக் கிழவிகள் மேல் கொஞ்சம் பொறாமை. அவர்களிடம் நன்றாக நடந்துகொள். தலை வாரும்போது பேச்சுக் கொடு, பதில் வராவிட்டாலும் கொடு.

இனிமேல் விடுதிக்கு என்று பணம் அனுப்பாதே, உனக்கு ஒரு தடித்த கோட்டு வாங்கிக்கொள். மாதா உன்னை வழிநடத்தட்டும், உன் கை தொட்டது துலங்கட்டும், உன் அப்பா இருக்கிற இடத்திலிருந்து உன்னைப் பார்த்துக்கொள்வார். அங்கே நம் ஊர்க்காரர்கள் கோவிலில் வால்டருக்காக ஒரு பூசை வைக்கப் போவதாகக் கேள்வி, போய் முன்வரிசையில் உட்கார், தலையைக் குனிந்துகொள், தயவுசெய்து சிரித்துவிடாதே.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். நீ மறுபடியும் என்னை வரச் சொல்லுவாய், எனக்குத் தெரியும். சொல், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல், நானும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் நாம் பேசும்போது லைன் சரியில்லை என்று பயந்தோ, என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று பயந்தோ, அந்த வார்த்தையைப் போட்டு மட்டும் கேட்டுவிடாதே. நீ என் மகள், உனக்கு அந்த உரிமை இருக்கிறது, நீ புபுசி என்று சொல்லிவிட்டால் எனக்கு மறுக்க வழி இல்லை. வழி இருந்தாலும் மறுப்பேனா என்று இந்தக் காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதனால் கேட்காதே, கண்ணு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
எரிதபேத்தா